முசிறியில் ஏறி இறங்கும் ஆறு

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கையை வைத்து, சுட்டாலும் எடுக்காமல் சத்தியம் செய்து சொல்லப்படுவது. நம்பாதவர்கள் மலாயாவில் காஹாங்குக்குப் போய், எறும்புமலைத் தோட்டத்து ரப்பர் பால்மரங்களைக் கேட்டுப் பார்க்கலாம். மரங்கள் பொய் சொல்லி யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு, ஜூன் மாதம். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். எவ்வளவு விழுந்திருந்தது என்றால், திருடர்கள் ஒட்டுப்பால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியில் வெட்கப்பட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். தோட்டங்கள் ஆள் குறைத்தன. கப்பல் கப்பலாக ஆட்களை நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஜொகூர் பாருவில் ஓர் ஆபீஸ் ஒரு விதி போட்டது. இந்த மண்ணில் பிறந்த தோட்டத்து ஆட்களுக்கு ஓரமாக ஒரு துண்டு நிலம் கொடுத்து இருக்கவிடலாம். இந்தியாவில் பிறந்தவர்கள், போவதற்கு அங்கே ஓர் ஊர் உள்ளவர்கள் என்பதால், கப்பலேற வேண்டும். யார் எந்த வகை என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு எழுதி வர ஓர் ஆள் தேவைப்பட்டார். காரணத்தைச் சொன்னால் எல்லோரும் இங்கேதான் பிறந்தேன் என்பார்கள். ஆகவே காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதும் விதி.

அப்படி வந்து சேர்ந்தவர் நஜீப் அவாத். பாலஸ்தீனத்தில் யாப்பா என்ற கடற்கரைப் பட்டணத்துக்காரர். பொருளாதாரம் படித்தவர், அரசாங்க உத்தியோகஸ்தர். அங்கே ஆண்ட வெள்ளைக்காரனும் இங்கே ஆலோசனை சொன்ன வெள்ளைக்காரனும் ஒரே வீட்டுப் பங்காளிகள். அதனால் குடையை இரவல் கொடுப்பதுபோல அவரை ஆறு மாதத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள்.

மொழிபெயர்க்க ஒரு தமிழர் வேண்டும். யாப்பாவை இங்கிலீஷில் ஜாஃபா என்பார்கள்; யாழ்ப்பாணத்தை ஜாஃப்னா என்பார்கள். ஆபீஸில் எவரோ இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரு என்று முடிவு கட்டி, பத்து பாகாட் என்ற ஊரில் கிளார்க்காக இருந்த வைத்தியலிங்கத்துக்கு, "உம்முடைய ஊர்க்காரர் வருகிறார், கூடப் போகவும்" என்று ஆர்டர் அனுப்பிவிட்டார்கள்.

வைத்தியலிங்கத்துக்கு முப்பத்து நாலு வயது. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, எந்தச் சேற்றிலும் அழுக்காகாத சப்பாத்து. யார் கேட்டாலும் சொந்த ஊர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை என்பார். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பது கிளார்க்கின் வேலை. சொல்லாததைச் சேர்த்துச் சொல்வது வக்கீலின் வேலை. பதினைந்து வருஷ உத்தியோகத்தில் அவர் ஒரு நாளும் வக்கீலாக இருந்ததில்லை.

அவாத் எண்ணிக்கையில் புலி. எறும்புமலைத் தோட்டத்துக்கு வந்த முதல் நாள் ஒரு பால்மரத்தை ஏறிட்டுப் பார்த்து, "நாற்பத்தோராயிரத்து எண்பது இலை" என்றார். ஆட்களை வேலை வாங்கும் ஐயாசாமித் தண்டல் நம்பவில்லை. நாலு பேரை ஏற்றிவிட்டு எண்ணச் சொன்னார். நாற்பத்தோராயிரத்து எழுபத்தொன்பது வந்தது. தண்டல் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவாத் குனிந்து, மரத்தடியில் கிடந்த ஓர் இலையை எடுத்துக் காட்டினார்.

"எண்ணும்போது ஒன்று விழுந்துவிடும். எப்போதும் அப்படித்தான்" என்றார். வைத்தியலிங்கம் அதையும் சொன்னபடி மொழிபெயர்த்தார்.

மறுநாள் விடிந்தும் விடியாத பொழுதில் பெரட்டு. தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. பேர் கூப்பிடும்போது நின்றிருந்தால் அன்றைக்கு வேலை. தாமதமாக வந்தால் அரைப் பேர், அதாவது அரைக் கூலி. அன்று கடைசி வரிசையில் ஒரு புலியும் வந்து உட்கார்ந்திருந்தது. கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி தலையைத் தூக்காமலே அதற்கும் அரைப் பேர் போட்டார். புலி கோபித்துக்கொண்டு போய்விட்டது. இதுவும் உண்மை.

மேசை போட்டு அவாத் உட்கார்ந்தார். பக்கத்தில் வைத்தியலிங்கம். இருநூற்றுப் பதினாலு பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். பேர், வயது, பிறந்த இடம். சொல்லிவிட்டுக் கட்டைவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைக்க வேண்டும். தோட்டத்துத் துரை நாற்காலியில் சாய்ந்து சாட்சியாக இருந்தார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க பிறந்தனீ?" என்று கேட்டார் வைத்தியலிங்கம்.

"பிறந்தனீயாம்லா!" என்று தண்டல் வாயைப் பொத்திக்கொண்டார். "பொறந்தியான்னு கேளுங்கய்யா. அவனுக்கு வெளங்கணும்ல?"

கூட்டம் சிரித்தது. முன்னால் நின்ற வீரமுத்து நெஞ்சை நிமிர்த்தினான். "துறையூருங்க. சொந்தமா பத்து ஏக்கரு நஞ்ச. ரெண்டு கெணறு."

"பத்து ஏக்கரு வெச்சிருக்கறவன் இங்க ஏன்டா பால் புடிக்கிற மங்கு கழுவுற?"

"காத்து மாற வந்தேன் தண்டலு."

மறுபடி சிரிப்பு. வைத்தியலிங்கம் எழுதினார்: துறையூர்.

அடுத்து வந்தவள் அங்கம்மா. இருபத்தாறு வயது. புருஷன் மணியம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் குளிர்க்காய்ச்சலில் போய்விட்டான். அதற்கு மூன்று மாதம் முன்னால் ஒரு பெண் குழந்தையும் போயிருந்தது. ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால், மேட்டில் இரண்டு மண் குவியல், ஒன்று நீளம், ஒன்று முழங்கை அளவு. பால் எடுத்து முடித்து வாளியைக் கழுவியதும், குடிக்கிற தண்ணீரில் முதல் குவளையை இரண்டுக்கும் பாதிப் பாதி ஊற்றிவிட்டுத்தான் அவள் குடிப்பாள்.

"எங்க பிறந்தனீ?"

"முசிறிங்க."

கேள்வி முடியுமுன் வந்து விழுந்தது பதில். வைத்தியலிங்கத்தின் பேனா ஒரு கணம் நின்றது. பிறந்த ஊரைச் சொல்கிறவர்கள் இவ்வளவு வேகமாகச் சொல்வதில்லை. பாடம் பண்ணினவர்கள்தான் சொல்வார்கள். அந்த வேகம் அவருக்குத் தெரிந்த வேகம்.

அவர் எழுதினார்: முசிறி. அங்கம்மா கைநாட்டு வைத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மாரியம்மன் திருவிழாவில் பொங்கல் பானை வைக்கிற வரிசை அங்கே ஊர் வாரியாகத்தான். முசிறி வரிசை, துறையூர் வரிசை, ஆத்தூர் வரிசை. லயத்தில் பிறந்தேன் என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் அவளுக்கு வரிசை கிடையாது. பானையைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டியதுதான். பெண் கேட்டு வருகிறவனும் வர மாட்டான். செத்தால் எந்த ஊர் ஆட்கள் தூக்குவது என்று பேச்சு வரும். ஆகவே அப்பனின் ஊரோ, அப்பனுக்கு அப்பனின் ஊரோ, அதுதான் பிறந்த ஊர். எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

இருநூற்றுப் பதினாலு பேரும் இந்தியாவில் பிறந்தவர்கள் என்று கணக்கு முடிந்தது. ஒருவர் பாக்கியில்லை. துரை அவாத்தின் கையைக் குலுக்கினார். பட்டியல் அன்றே ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டது.

அறிக்கை எழுத அவாத் பத்து நாள் தங்கினார். பழைய கிராணி வீட்டில் சாகை. சமைத்துப் போட அங்கம்மாவை வைத்தார்கள். காலையில் மரம் சீவிப் பால் எடுத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் வந்து உலை வைப்பாள். கருவாடும் மரவள்ளிக் கீரையும் அவாத் மிச்சம்விடாமல் சாப்பிட்டார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தால், "நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்பார். வைத்தியலிங்கம் சொல்வார்.

"அழுதுக்கிட்டே நல்லாருக்குங்கறாரே. பாவம், வீட்டுல அடி வாங்கி வளந்த புள்ள போல" என்பாள் அங்கம்மா. இதை மட்டும் வைத்தியலிங்கம் மொழிபெயர்க்க மாட்டார்.

அந்தப் பத்து நாளில் அவாத் நிறையப் பேசினார். அவர் தகப்பனார் யாப்பாவில் ஆரஞ்சுப் பழத்தை ஒவ்வொன்றாக மெல்லிய காகிதத்தில் சுற்றிக் கப்பலில் அடுக்கியவர். மகனை பெய்ரூட்டுக்கும் லண்டனுக்கும் படிக்க அனுப்பினார். மகன் திரும்பி வந்து அரசாங்கத்தில் சேர்ந்தான்.

"ஒரு நாட்டின் செல்வம் என்ன, மிஸ்டர் லிங்கம்?" என்று கேட்டார் ஒரு நாள்.

"விளைச்சல், சார்."

"இல்லை. விளைவித்தவன் மறுநாள் காலையில் அதே இடத்தில் கண் விழிப்பது. லண்டனில் இதைச் சொன்னபோது, இது பொருளாதாரம் இல்லை, கவிதை என்று மார்க்கைக் குறைத்தார்கள்."

"அரசாங்க வேலையில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுத முடியுமா, சார்?"

"அரசாங்க ஊழியன் என்றால் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவன். போட மனசு வராததை எழுதக் கூடாது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

ஒன்பதாம் நாள் மத்தியானம் அறிக்கையின் கடைசிப் பக்கம். மழை இல்லை. காஹாங்கில் அது செய்தி. அங்கம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவாத் பேனாவை மூடினார். இந்தப் பெண்ணிடம் இத்தனை நாளும் உப்பு, புளி பற்றித்தான் பேசியிருக்கிறோம் என்று தோன்றியதோ என்னவோ, "இவர்கள் ஊரில் ஆறு இருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார்.

அங்கம்மாவின் முகம் மாறியது. கோப்பித் தட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

"இருக்குங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடியே. காலைல தண்ணி படி வரைக்கும் ஏறி நிக்கும். மத்தியானம் பாத்தா வெறும் சேறு, நண்டு ஓடும். பொழுது சாயறப்ப திரும்ப ஏறிரும். எங்கப்பா சொல்லும், ஆறு மூச்சு விடுதுன்னு."

"குடிக்கலாமோ?" என்று அவாத் கேட்டதைக் கேட்டார் வைத்தியலிங்கம்.

"ஐய, உப்புக் கரிக்கும்ங்க. மொதல வேற கெடக்கும். என் அக்கா பாவாடைய ஒண்ணு புடிச்சு இழுத்துருச்சு, பாவாட போனாப் போவுதுன்னு ஓடி வந்துட்டா."

அவள் சிரித்தபடியே உள்ளே போய்விட்டாள். வைத்தியலிங்கம் பாவாடை வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவாத் கடலோரத்தில் பிறந்தவர். பெட்டியிலிருந்து இந்திய வரைபடத்தை எடுத்து விரித்தார். கடலில் விரலை வைத்து, காவிரி வழியாக மெல்ல நகர்த்தினார். விரல் முசிறிக்குப் போய்ச் சேர வெகுநேரம் பிடித்தது.

"நூறு மைல். மிஸ்டர் லிங்கம், கடல் தண்ணீர் நூறு மைல் உள்ளே வந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குமா?"

"தெரியாது, சார்."

"தெரியாதா?"

"...இறங்காது, சார். அது தெப்ராவ் ஆறு. ஜொகூர் பாருப் பக்கம்."

"இதை இப்போதுதான் தெரிந்துகொண்டீர்களா, அன்றைக்கே தெரியுமா?"

வைத்தியலிங்கம் தன்னுடைய அழுக்காகாத சப்பாத்தைப் பார்த்தார். "அன்றைக்கே."

அவாத் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது வைத்தியலிங்கத்துக்கு. படத்தை மடித்து வைத்துவிட்டு, வெளியே மரங்களைப் பார்த்தபடி ஒரு கதை சொன்னார். அதில் புலி எதுவும் வரவில்லை.

அவருடைய தாய்மாமன் வடக்கே ஒரு சமவெளியில் விவசாயி. மூன்று தலைமுறையாக உழுத நிலம், ஆனால் பத்திரம் பெய்ரூட்டில் இருந்த ஒரு சீமானிடம். சீமான் நிலத்தை வந்தேறிகளுக்கு விற்றுவிட்டான். உழுதவர்கள் வெளியே போக வேண்டும். நிலம் இல்லாமல் போனவர்களுக்கு வேறு இடம் தரலாம் என்று அரசாங்கம் சொன்னது. யார் யாருக்கு நிலம் இல்லை என்று எழுதி வர ஓர் இளம் அதிகாரியை அனுப்பினார்கள். அது அவாத்.

"கிராமத்து நடுவில் மேசை போட்டேன். ஊர்த் தலைவர் இருந்தார். அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் இருந்தார்கள். என் மாமன் வந்து நின்றார். உங்களுக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்டேன். அத்தனை பேர் முன்னால், தங்கை மகனிடம், எனக்கு நிலம் இல்லை என்று எந்த மனிதன் சொல்வான்? கையை நீட்டி, 'அந்தக் குன்று வரைக்கும் என்னுடையது' என்றார். நான் சொன்னபடி எழுதினேன்."

"பிறகு?"

"நிலம் உள்ளவர் பட்டியலில் இருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஹைஃபாவில் தகர டின்னை வெட்டி நிமிர்த்திக் கட்டிய குடிசையில் செத்துப்போனார். கேள்வியே தப்பு என்று மேலிடத்துக்கு எழுதினேன். அதற்குப் பதிலாகத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள்." அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டு, "இங்கேயும் மேசை போட்டேன்" என்றார்.

அடுப்படியில் அங்கம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"யாரும் பொய் சொல்ல முடியாத கேள்வி ஒன்று வேண்டும், மிஸ்டர் லிங்கம்."

வைத்தியலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காததைச் சேர்த்துச் சொன்னார். "பிறந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்வார்கள், சார். மருத்துவச்சி பேரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். தொப்புள்கொடியை வெட்டியது யார் என்று கேட்கலாம். வீட்டுக்குள்ளே போய், அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து."

"உங்களுடையதை வெட்டியது யார்?"

வட்டுக்கோட்டை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "ஒரு சீன நர்ஸ், சார். இங்கேதான், மூவாரில். பேர் தெரியாது. வட்டுக்கோட்டையை நான் பார்த்ததே இல்லை. அம்மா சொல்லக் கேட்டதுதான்."

அவாத் தலையசைத்தார். அதை எங்கும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து நாலு நாள் இருவரும் லயம் லயமாக ஏறி இறங்கினார்கள். அடுப்பு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். வைத்தியலிங்கத்தின் வெள்ளைக் கால்சட்டை கரிக் கால்சட்டையாயிற்று. இந்த மண்ணில் பிறந்தவர்கள் வீட்டிலெல்லாம் ஒரே பேர் வந்தது: தெப்ராவ் வெள்ளையம்மா. ஜொகூர் முழுக்கத் தோட்டம் தோட்டமாகச் சுற்றி, பத்து வருஷம் முன்னால் செத்துப்போன மருத்துவச்சி. பால் வெட்டுகிற உளியாலேயே கொடி வெட்டுவாளாம். வெட்டும்போது வாயில் வெற்றிலையும் வசவும் நிற்காதாம்.

"என்னப் பாத்ததும், 'இது வீட்டுக்கு அடங்காது'ன்னாளாம் கெழவி" என்றான் வீரமுத்து.

"துறையூரில பத்து ஏக்கர் எண்டாய்?"

"அது எங்க தாத்தா சொன்ன கணக்குங்க. தாத்தாவும் பாத்ததில்லையாம்."

அங்கம்மா கேட்ட மாத்திரத்தில் சொன்னாள். "வெள்ளையம்மாதான். என் கொடிய ஆத்தோரம் நீப்பா மரத்தடியிலதான் பொதச்சாங்க. எங்கம்மா காட்டியிருக்கு." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். "ஐயா, இது பொங்கப் பானை வரிசைக்குத் தெரிய வேணாங்க."

ஐயாசாமித் தண்டல் உண்மையாகவே முசிறியில் பிறந்தவர். அவரிடம் அங்கம்மாவைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எட்டு வருஷமா எங்க வரிசைல பானை வெச்ச புள்ளைங்க. முசிறிக்காரி இல்லாம வேற யாரு? எழுதிக்குங்க!" அவர் அன்பாகத்தான் சொன்னார்.

கடைசியில், இருநூற்றுப் பதினாலில் எண்பத்தெட்டுப் பேர் ஜொகூர் மண்ணில் பிறந்தவர்கள் என்று வந்தது. அவாத் புதுப் பட்டியலின் கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். இருவரும் குளுவாங்கில் ரயில் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போனார்கள். ரயில் அன்று ஒரு நிமிஷம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையில் நம்புவதற்குக் கஷ்டமான இடம் இதுதான். ஆனால் சத்தியம்.

ஆபீஸில் இருந்த அதிகாரி இரண்டு பட்டியலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முதல் பட்டியல் பகிரங்கமாக எடுத்தது. துரை சாட்சி. இருநூற்றுப் பதினாலு கைநாட்டு. இரண்டாவது அடுப்படியில் எடுத்தது. சாட்சி, செத்துப்போன ஒரு மருத்துவச்சி."

"முதல் பட்டியல் பொய்" என்றார் அவாத்.

"அவர்களே சொன்னது. நீங்களே எழுதியது. உங்கள் கையெழுத்தும் இருக்கிறது."

"அதை அடித்துவிடுகிறேன்."

அதிகாரி தாராளமாகப் பேனாவை நீட்டினார். அவாத் முதல் பட்டியலில் இருந்த தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதிகாரி மை காயும்வரை பொறுமையாக ஊதினார். பிறகு, "கப்பலில் இடம் பிடித்தாகிவிட்டது, மிஸ்டர் அவாத். கையெழுத்து இல்லாவிட்டாலும் கப்பல் ஓடும்" என்றார்.

இருவரும் அதே ரயிலில் திரும்பினார்கள். குளுவாங் வந்ததும் அவாத், "என் மாமனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் என்னைக் கேட்கவிடவில்லை. நல்லபடியாக எழுதினாயா என்று மட்டும் கேட்டார்" என்றார்.

மூன்று வாரத்தில் லாரிகள் வந்தன. பெரட்டுக்களத்தில்தான் ஏற்றினார்கள். கிராணி பேர் கூப்பிட்டார். பேர் கேட்டவர்கள் ஏறினார்கள். தண்டல் புது வேட்டி கட்டி, முப்பது வருஷம் கழித்து ஊர் பார்க்கப் போகிற முகத்தோடு முன்னால் ஏறிக்கொண்டார். வீரமுத்து ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

அங்கம்மா மேட்டிலிருந்து வந்தாள். கையில் வெறும் குவளை. அன்றைக்கு அவளுக்கென்று மிச்சம் வைக்காமல் முழுவதையும் ஊற்றிவிட்டிருந்தாள்.

இங்கே பிறந்தவர்களை இருக்கவிட்டிருப்பார்கள் என்ற விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அவாத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்கே அடுப்பாண்ட வந்து கேட்டிருக்கலாமே தொர. பெரட்டுல நிறுத்திக் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

வைத்தியலிங்கம் வாயைத் திறந்தார். அவாத் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அது அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. அன்று அவர் காரம் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அங்கம்மா வைத்தியலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். லாரியில் இருப்பவர்கள் காதில் விழக்கூடாது.

"பெரிய படிப்புப் படிச்சவரு. ஊரு ஊரா சுத்தினவரு. முசிறி எப்படி இருக்கும்னு கேளுங்கய்யா. போயி எறங்கறப்ப மொகம் காட்டிக் குடுத்துரக் கூடாது பாருங்க."

அவாத் முசிறியைப் படத்தில் விரலால் தொட்டதோடு சரி. ஆனாலும் சொன்னார். கல்லால் கட்டிய வீடுகள். வாசலில் கிணறு. மாசியில் பாதாம் மரங்கள் இலையே இல்லாமல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். சாயங்காலம் ஆண்கள் மாடுகளோடு திரும்பும்போது புழுதி பொன்னாக எழும்பும். குன்று வரைக்கும் எல்லாம் உழுதவர்களுடையது. வருகிறவர்களை, நீ யார், எங்கே பிறந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் தண்ணீர் கொடுப்பார்கள்.

வைத்தியலிங்கம் மொழிபெயர்க்கத் தொடங்கினார். சொன்னதைச் சொன்னபடி சொல்ல அன்றைக்கு அவருக்கு நாக்கு வரவில்லை. பாதாம் மரத்தைப் பனை மரம் ஆக்கினார். கல் வீட்டுக்கு ஓலைக் கிடுகு வேலி போட்டார். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் துலாவை நிறுத்தினார். வட்டுக்கோட்டையைப் பற்றி அம்மா சொன்னதில் எதெல்லாம் ஞாபகம் இருந்ததோ எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

"ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம், அங்கம்மா. முதல்ல குடிக்கத் தண்ணி தருவினம். நல்ல தண்ணி. உப்பில்லாத தண்ணி."

"பனை மரம்" என்று அங்கம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "வேலி. தொலா. தண்ணி." பெரட்டில் நிற்கிறவள்போல மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு லாரியில் ஏறி, துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். லாரி திரும்பும்போது அவள் மேட்டைப் பார்க்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

அவாத் வண்டிகளை எண்ணினார். ஆட்களை எண்ணவில்லை.

அவருடைய இரவலும் அந்த மாதமே முடிந்தது. சிங்கப்பூரில் கப்பலேறி ஊருக்குத் திரும்பினார். வேலையில் அவர் பேருக்கு எதிரே ஏதோ எழுதிவிட்டார்கள். மேலே போகவே இல்லை. ஆனாலும் விடவில்லை. கிராமம் கிராமமாகப் போய் அடுப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்தாறில் வைத்தியலிங்கத்துக்கு அவரிடமிருந்து கடைசியாக ஒரு கடிதம் வந்தது, ஆரஞ்சு சுற்றுகிற மெல்லிய காகிதத்தில். யாப்பாவில் வேலைநிறுத்தம் நடக்கிறது, துறைமுகம் மூடிக் கிடக்கிறது, பழம் அழுகுகிறது என்று எழுதியிருந்தார். "எங்களைப் பற்றி விசாரிக்க இன்னொரு கமிட்டி வருகிறதாம். மேசையோடு வருவார்கள். என் மக்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பார்கள், மிஸ்டர் லிங்கம். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது."

முசிறியிலிருந்தும் ஒரு கார்டு வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருந்தாள் அங்கம்மா. தண்டலின் தம்பி வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருக்கிறாள். மலாயாக்காரி என்று கூப்பிடுகிறார்கள். இங்கே திருவிழாவில் பானை வைக்க வரிசை கேட்டபோது, நீ எந்த ஊர் என்றார்கள். இந்தத் தடவை தெப்ராவ் என்று உள்ளதைச் சொன்னாள். அப்படி ஓர் ஊரே இல்லை என்று சிரித்தார்கள். கடைசியில் ஒரு வரி: ஆத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல, ஒரே பக்கமா போயிக்கிட்டே இருக்கு.

வைத்தியலிங்கம் இரண்டையும் ஒன்றாக மடித்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால், மூவார் என்று சொல்வார்.

அரசாங்க ஊழியர் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருப்பது இது: வைத்தியலிங்கம், கிளார்க், பிறந்த இடம் வட்டுக்கோட்டை, காலமானது பத்து பாகாட், 1931 மார்ச் 9, அதாவது இந்தக் கதை தொடங்குவதற்குப் பதினைந்து மாதம் முன்னால்.